திருவிதாங்கூரின் சின்ன மண்வளை டரான்டுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்குப் பருவமழை இறங்கி நாலு நாள் ஆனதும் என் கைப்பேசிக்குச் சிலந்திப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ரப்பர் தோட்டத்து வரப்பில் எடுத்தது, மலைப்பாதை ஓரத்து மண்சுவரில் எடுத்தது, சில சமயம் குளியலறை வாசலிலேயே எடுத்தது. கூடவே ஒரே கேள்வி: "இது என்ன, கடிச்சா செத்துருவோமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய், திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

எந்தச் சிலந்தியைப் பற்றிப் பேசுகிறோம்?

அன்னண்டேலியெல்லா திராவன்கோரிக்கா. வாயில் நுழையாத பெயர்தான், பிரித்துப் பார்த்தால் எளிது. முன்பாதி நெல்சன் அன்னண்டேல் என்ற விலங்கியலாளரின் பெயர். கல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்தவர். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். பின்பாதி திருவிதாங்கூர். 1909-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டான்லி ஹர்ஸ்ட் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

இந்தப் பேரினத்தில் மொத்தமே மூன்று இனங்கள்தான், மூன்றும் தென்னிந்தியாவுக்கே உரியவை. இரண்டாவதான பெக்டினிஃபெராவுக்கு 1935-இல் பெயர் வைத்தவர் கிரேவ்லி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். கல்வெட்டு, செப்புத் திருமேனி என்று ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் சிலந்திக்கு உருப்பெருக்கி பிடித்திருக்கிறார். மூன்றாவது இனம் எர்ணாகுளத்தின் பெயரோடு 2008-இல் வந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 73 ஆண்டுகள்! சிலந்தி ஒளிந்துகொண்டிருந்தது என்பதைவிட, தேடிப் போக ஆள் இல்லை என்பதுதான் சரி.

"அது கேரளாக்காரங்க பூச்சி, நமக்கென்ன" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயர் வைக்கப்பட்டபோது செங்கோட்டையும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தன. எல்லை நம் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. மலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

டரான்டுலா என்றால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்குமே?

நீங்கள் நினைப்பது தென் அமெரிக்காவின் கோலியாத் வகையை. காலை விரித்தால் ஒரு அடிக்குக் கிட்டத்தட்ட வரும். டரான்டுலா என்பது ஒரு குடும்பம். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு, எல்லாமே பூதங்கள் இல்லை. நம் திருவிதாங்கூர்ச் சிலந்தி குடும்பத்தின் கடைக்குட்டிகளில் ஒன்று. உடல் ஓரிரு சென்டிமீட்டர். பழுப்பு நிறம். காலை எல்லாம் விரித்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டரான்டுலா பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு இதைக் காட்டினால் முகம் தொங்கிப்போகும். "இவ்ளோதானா?"

அளவு எப்படியானாலும் குடும்ப லட்சணம் மாறாது. கீழே குத்துகிற மாதிரி இணையாக நிற்கும் இரண்டு பற்கள் (சாதாரணச் சிலந்திகளுக்கு இடுக்கிபோல எதிரெதிரே மூடும்), வயிற்றடியில் இரண்டு ஜோடி ஏட்டு நுரையீரல் (புத்தகத் தாள்போல அடுக்கிய மூச்சு உறுப்பு), பாதத்தின் அடியில் மெத்தைபோல ரோமம்.

தமிழில் இதற்குப் பெயர் கிடையாதா?

மலையோரத்தில் கேட்டுப் பார்த்தால் "பெரிய எட்டுக்கால் பூச்சி" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். டரான்டுலாவுக்குப் புலிமுகச் சிலந்தி என்றும் சொல்வதுண்டு. வளையில் வாழும் ஆசிய வகைகளை வளர்ப்பவர்கள் ஆங்கிலத்தில் எர்த் டைகர், அதாவது மண்புலி என்பார்கள். இந்தக் குட்டிக்குப் புலிப் பட்டம் கொஞ்சம் அதிகம். நான் எழுதும்போது மண்வளைச் சிலந்தி என்றே எழுதுகிறேன். அது இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறது.

டரான்டுலா என்ற சொல்லே இரவல்தான். இத்தாலியில் டரான்டோ என்ற ஊரைச் சுற்றி இருந்த ஓநாய்ச் சிலந்தி ஒன்றின் பெயர் அது. பிறகு பெரிய, ரோமம் அடர்ந்த சிலந்தி எதைப் பார்த்தாலும் அதையே சொல்லத் தொடங்கி, கடைசியில் சம்பந்தமே இல்லாத இந்தக் குடும்பத்துக்கு நிலைத்துவிட்டது.

தரையில் ஒரு ஓட்டை தெரிகிறது. அது இதன் வளைதானா என்று எப்படித் தெரியும்?

எனக்குப் பிடித்த கேள்வி. சிலந்தியைவிட வளையைப் படிப்பது சுவாரசியம். அந்த உயிர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அதற்குள்ளேயே கழிப்பதால், வளையைப் பாதி உடம்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இடம். தண்ணீர் தேங்கும் சமதரையில் தேடாதீர்கள். பாதைக்காக வெட்டிய மண்சுவர், ஓடைக்கரைச் சரிவு, மரவேரடி, பெரிய கல்லின் அடி இவைதான் வசதியான இடங்கள். மண் அள்ளினால் உதிராமலும், தோண்டினால் இறுகிப் பாறையாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

அடுத்து வாசல். முட்டிபோட்டு உட்கார்ந்து பாருங்கள். எலி வளை வாசலில் மண் குவிந்து கிடக்கும், ஓரம் தேய்ந்திருக்கும். நண்டு வளையின் வாயில் ஈரமண் உருண்டைகள். டரான்டுலா வளையின் விளிம்பில் மட்டும் மங்கலான வெள்ளைப் பட்டு, நைந்த சல்லாத்துணியை உள்ளே சொருகிவிட்ட மாதிரி, வழவழவென்று இறங்கும். அதில் காய்ந்த புல், இலைத்துணுக்கு, மண்துகள் ஒட்டியிருக்கும். வாசல் வட்டம், சுத்தம். சில நாட்களில் அதே வாசலைப் பட்டும் மண்ணும் கலந்து அடைத்து வைத்திருக்கும். அப்போது கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

குழப்பும் பங்காளிகள் இரண்டு உண்டு. வாசலுக்குக் கீல் வைத்த மாதிரி மூடி இருந்தால் அது மூடிவளைச் சிலந்தி, வேறு குடும்பம். இரவில் டார்ச் அடித்ததும் ஓட்டைக்குள்ளிருந்து இரண்டு பச்சை வைரம்போலக் கண் மின்னினால் அது ஓநாய்ச் சிலந்தி. டரான்டுலாவுக்கு எட்டுக் கண் இருந்தும் எல்லாம் தலைமேல் ஒரு சின்ன மேட்டில் கடுகு தூவியதுபோல நெருக்கி இருக்கும். அந்த மாதிரிப் பளபளப்பு வராது.

ஒரு பெரிய வளையைச் சுற்றி ஓரிரு அடிக்குள் பென்சில் நுழையும் அளவில் சின்ன வளைகள் நாலைந்து தெரிந்தால், நீங்கள் பார்ப்பது ஒரு தாயும் அவள் பிள்ளைகளும் குடியிருக்கும் தெரு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு வேண்டியிருக்கும்.

அதற்குள்ளேயே கிடந்தால் எதைத் தின்னும்?

வருவதைத் தின்னும். இருட்டியதும் வாசலுக்கு ஏறி வந்து, முன்னங்கால்களைப் பட்டு விளிம்பின்மேல் வைத்துக்கொண்டு உட்காரும். அவ்வளவுதான் வேட்டைக்கான ஏற்பாடு. ஒரு வெட்டுக்கிளியோ கரப்பானோ வண்டோ பக்கத்தில் நடந்தால் அந்த அதிர்வு பட்டு வழியாகக் காலுக்கு வரும். கண் பார்த்து வருகிற வேட்டை இல்லை இது. காலால் கேட்கிற வேட்டை.

ஒரு தடவை மண்சுவர் ஒன்றின் முன்னால் ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். விளிம்பில் நாலு கால் நுனி மட்டும் தெரிந்தது. ஒரு எறும்பு போயிற்று, அசையவில்லை. ஒரு துளி மழைத்தண்ணீர் இலையிலிருந்து சொட்டியது, அசையவில்லை. அட்டை என் கணுக்காலுக்கு வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்து நிமிர்ந்தேன். வாசலில் கால் நுனிகளும் இல்லை, பக்கத்தில் வந்துகொண்டிருந்த சிள்வண்டும் இல்லை. வெளியே பாய்ந்ததையும் உள்ளே இழுத்துப்போனதையும் நான் பார்க்கவே இல்லை.

பிடித்ததை மென்று விழுங்க முடியாது. செரிப்புநீரை இரையின்மேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சும். மிச்சச் சக்கையை உருண்டையாக்கி ஒதுக்கிவிடும். ஒரு நல்ல சாப்பாடு கிடைத்தால் வாரக்கணக்கில் வாசலுக்கே வராமல் இருக்கும்.

இந்தச் சிலந்தி சத்தம் போடுமாமே, நிஜமா?

நிஜம். ஆனால் தொண்டையால் இல்லை, உரசி. சீப்பின் பல்லை நகத்தால் வருடினால் வருகிற சர்ர் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தத்துவம்தான்.

1877-இல் வுட்-மேசன் என்ற விலங்கியலாளர் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு பெரிய சிலந்தியில் இப்படிச் சத்தமெழுப்பும் உறுப்பு இருப்பதை எழுதினார். இன்று அது கைலோபிராக்கிஸ் பேரினத்தில் இருக்கிறது. அந்தப் பேரினத்துச் சிலந்திகள் நம் மலைகளிலும் இலங்கையிலும் உண்டு. அவற்றில் பற்களைத் தாங்கும் தாடையின் வெளிப்பக்கமும், அதற்கு அடுத்திருக்கும் உணர்காலின் (வாயருகே குட்டிக் கால்போல நீட்டிக்கொண்டிருப்பது) அடிப்பகுதியும் ஒன்றோடொன்று உரசும்.

நம் குட்டியின் ஏற்பாடு வேறு. இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கத்தில் இந்த உரசு ரோமங்கள் இருக்கின்றன. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்ப்பதுபோல, தாடைகள் தங்களுக்குள்ளேயே உரசிக்கொள்ளும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இதை வைத்துத்தான் இதற்குத் தனித் துணைக்குடும்பமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

யாருக்காக இந்தச் சத்தம்? சிலந்திக்குக் காது இல்லை. காற்றசைவையும் அதிர்வையும் ரோமத்தாலும் காலில் உள்ள நுண்கீறல்களாலும் உணரும். வளைக்குள் மூக்கை நுழைக்கிற மூஞ்சூறுக்கோ கீரிக்கோ இருட்டில் திடீரென்று ஒரு சீறல் கேட்டால் தயங்கும் என்பதுதான் பொதுவான விளக்கம். பெரிய வகைகளின் சீறலை நாமே நன்றாகக் கேட்கலாம். இந்தச் சின்னதின் சத்தத்தைக் கேட்கிறேன் என்று குச்சியால் குத்திப் பார்க்க வேண்டாம்.

இதன் சொந்தக்காரர்கள் ஆப்பிரிக்காவில் இருப்பதாகப் படித்தேன். எப்படி அங்கே போயின?

அவை போகவில்லை, நாம் வந்தோம். அந்தத் தனித் துணைக்குடும்பத்தில் இருக்கும் மற்றவை செலினோகைரஸ், யூஃப்ரிக்டஸ் என்ற பேரினங்கள். இரண்டும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழ்பவை. நடுவில் அரேபியாவிலோ ஈரானிலோ சொந்தம் யாரும் இல்லை. இந்திய நிலத்துண்டு ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்து, பிரிந்து, கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகள் மிதந்து ஆசியாவில் வந்து இடித்த கதையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த மண்ணோடு சேர்ந்து மண்வளைகளும் வந்தன என்று பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

2021-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று டரான்டுலாக்களின் தொடக்கத்தைச் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கப் பகுதியில் வைக்கிறது. ஆசியாவுக்குள் அவை வந்தது இந்தியா வழியாகத்தான் என்றும் சொல்கிறது. அதுவும் ஒரு தடவை இல்லை. சுமார் 2 கோடி ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை, மரத்தில் வாழும் கூட்டம் ஒன்றும் வளையில் வாழும் கூட்டம் ஒன்றுமாக. தாய்லாந்து, வியட்நாம் என்று இன்று பெயர்பெற்ற மண்புலிகளின் முன்னோர்கள் இந்தப் பக்கமிருந்து போனவர்கள்.

சரி, கடித்தால்?

டரான்டுலா கடியால் மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட மரணம் உலகில் எங்கும் இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "ஒன்றும் செய்யாது" என்றும் சொல்ல மாட்டேன். ஆசிய வகைகள் கடித்தால் நன்றாக வலிக்கும், வீங்கும். மரத்தில் வாழும் போசிலோதீரியா வகை கடித்தவர்களுக்கு நாட்கணக்கில் தசை இழுத்துக்கொண்டதும் உண்டு.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியில் பனிக்கட்டி சுற்றி வையுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, தசைப்பிடிப்பு என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கீறிவிடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். இதற்கென்று நஞ்சுமுறி மருந்து நம் ஊரில் கிடையாது. பாம்புக்கடிக்குப் போடுவது இதற்கு வேலை செய்யாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தரையில் படுத்துத் தூங்கும்போது நடுராத்திரி ஏதோ கடித்து, விடிந்ததும் கண்ணிமை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை, வயிறு வலிக்கிறது என்றால் "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருக்கும்" என்று மந்திரிக்கப் போகாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியும் தெரியாது, பல் தடமும் சரியாகத் தெரியாது. பார்க்காத கடி எதுவானாலும் பாம்பு என்றே நினைத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். எதுவும் இல்லையென்றால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பலாம்.

இதோடு இன்னொன்று. உடம்பில் கோடு கோடாகக் கொப்புளம் வந்தால் நம் வீடுகளில் உடனே சிலந்திமேல் பழி விழும். அக்கியாக இருக்கும், அல்லது விளக்கடியில் பறந்துவந்து கழுத்தில் நசுங்கிய ஒரு சின்ன வண்டின் நீராக இருக்கும். சிலந்தி அந்தப் பக்கமே வந்திருக்காது.

அஸ்ஸாமில் இந்த மாதிரிச் சிலந்தி கூட்டமாக வந்து ஆட்களைக் கொன்றதே?

2012 மே மாதம், தின்சுகியா மாவட்டத்தில் சதியா என்ற ஊர். இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி வந்து உலகமெல்லாம் ஓடியது. பிடிபட்ட சிலந்திகள் வளையில் வாழும் டரான்டுலா வகையாகத் தெரிந்தன. ஆனால் இறந்தவர்களுக்குச் சிலந்தி நஞ்சால்தான் உயிர் போனது என்று நிறுவப்படவே இல்லை. கடிபட்டதும் உள்ளூர் வைத்தியரிடம் போய், கடிவாயைச் சவரக்கத்தியால் கீறி ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்ற விவரம் அதே செய்திகளில் கீழே எங்கேயோ இருந்தது. தலைப்பில் சிலந்தி மட்டும் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அதே செய்தி ஊர்ப் பெயர் மாறி வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஓடுகிறது. அதுவும் டரான்டுலாவா?

இல்லை. தட்டையான உடல், பக்கவாட்டில் நண்டுபோல விரிந்த கால், கண்ணிமைக்கும் நேரத்தில் காலண்டருக்குப் பின்னால் ஓடி மறையும் வேகம் என்றால் அது வேட்டைக்காரச் சிலந்தி. சில நாள் வயிற்றடியில் வெள்ளைப் பொத்தான் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரியும், அது முட்டைப்பை. கரப்பான் பிடிக்கும். விட்டுவிடுங்கள்.

ரோமம் பட்டால் அரிக்குமா?

அமெரிக்கக் கண்டங்களின் டரான்டுலாக்கள் பலவும் வயிற்று ரோமத்தைப் பின்னங்காலால் உதறிவிடும். கண்ணில் பட்டால் பாடுதான். ஆசிய வகைகளுக்கு அந்த ஆயுதம் இல்லை. அதனால்தான் இவை சீக்கிரம் சீறும், சீக்கிரம் கடிக்கும்.

வளையை விட்டு வராது என்கிறீர்கள். மழைநேரத்தில் குளியலறையில் எப்படி வந்தது?

வந்தது ஆண். பெண் தேடி வந்தது. கடைசிச் சட்டையை உரித்து முழு வளர்ச்சி அடைந்ததும் ஆண் தன் வளையைக் கைவிட்டுவிடும். சின்னதாக ஒரு வலை பின்னி, அதில் விந்துத் துளியை விட்டு, அதை உணர்கால் நுனியில் இருக்கும் குமிழில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். மெலிந்த உடல், நீண்ட கால், ஓயாத நடை. பெண்ணின் வளை வாசலை அடைந்ததும் காலால் பட்டில் தட்டும். உள்ளிருந்து பதில் தட்டு வந்தால் பிழைத்தது. வராமல் பெண் பாய்ந்து வந்தால், அதோடு முடிந்தது.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே செடியடியில் விடுங்கள். துடைப்பத்தை எடுக்க வேண்டாம். எப்படியும் அதற்கு மிச்சமிருப்பது சில மாதங்கள்தான்.

பெண் எத்தனை ஆண்டு இருக்கும்?

டரான்டுலாக் குடும்பத்துப் பெண்கள் நெடுநாள் வாழ்பவை. பெரிய வளைவாழ் வகைகளில் பத்து, இருபது ஆண்டுகூட உண்டு. முழு வளர்ச்சிக்குப் பிறகும் பெண் சட்டை கழற்றும். அந்த நாளில் வளைக்குள் மல்லாந்து கிடக்கும். பழைய ஓடு மேலே பிளந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையுறையிலிருந்து உருவுவதுபோல உருவிக்கொண்டு வரும். முன்பு இழந்த கால் இருந்தால் புதுச் சட்டையில் அது கொஞ்சம் குட்டையாக முளைத்திருக்கும். மல்லாந்து கிடப்பதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். செத்த சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது. காலை உள்ளே மடக்கிச் சுருண்டு கிடக்கும். காலின் முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது, உடம்புநீரின் அழுத்தத்தால்தான் நீட்டும். அழுத்தம் போனால் கால் சுருண்டுவிடும்.

இதற்கு எதிரி யார்?

கீரி, பூரான், தேள், தவளை எல்லாம் உண்டு. ஆனால் சிலந்திக்கு எமன் என்றால் குளவிதான்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு மதியம் பாதையோரத்தில் கண்டது. கருநீல உடலும் துரு நிற இறக்கையுமாக ஒரு குளவி, தன்னைவிடப் பெரிய டரான்டுலா ஒன்றின் காலைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. சிலந்தி சாகவில்லை. கால் நுனி லேசாகத் துடித்தது. ஒரு கல் தடுத்தது. குளவி இரையை அங்கேயே போட்டுவிட்டு, கல்லைச் சுற்றி ஓடி வழி பார்த்து, திரும்பி வந்து அதே காலைத் தேடிப் பிடித்தது. ஆறடி தூரத்துக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும். முடிவில் சரிவில் இருந்த ஓட்டைக்குள் இழுத்துப்போயிற்று. அது சிலந்தியின் சொந்த வளையாகவே இருந்திருக்கலாம், பட்டு விளிம்பு இருந்தது.

உள்ளே போய் அதன்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, வாயை மண்ணால் மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் புழு, உயிரோடு அசையாமல் கிடக்கும் சிலந்தியைத் தின்று வளரும். இதயம், நரம்பு போன்றவற்றைக் கடைசிவரை தொடாது, தொட்டால் சாப்பாடு கெட்டுவிடுமே. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது, இதேபோலப் புழுவைக் கொட்டிக் கூட்டுக்குள் கொண்டுபோகும் குளவிகளைப் பார்த்துத்தான். கொட்டுபட்டது உள்ளே போயிற்று, சில வாரம் கழித்துக் குளவி வெளியே வந்தது. பார்த்தவர்கள் கண்ணில் பட்டதைச் சொன்னார்கள். நடுவில் உள்ளே நடந்தது மட்டும் வேறு.

பிடித்துவந்து வளர்க்கலாமா?

வேண்டாம். காப்புக்காட்டிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் அனுமதியில்லாமல் எந்த உயிரை எடுத்தாலும் குற்றம், சிலந்தி சின்னது என்பதால் சலுகை இல்லை. இதற்கு மேல் எனக்கு ஒரு தனிக் கோபமும் உண்டு. ஆந்திராவில் கூட்டி என்ற ஊரில் 1899-இல் ஒரே ஒரு மாதிரியை வைத்து விவரிக்கப்பட்ட நீல மரச்சிலந்தி, நூறு ஆண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2001-இல் திரும்பக் கிடைத்தது. கிடைத்த சில ஆண்டுகளிலேயே வெளிநாட்டு வளர்ப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்விட்டது. அதன் பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க 2019 ஆயிற்று. நம் குட்டிக்கு நீலம் இல்லை, அந்த ஒரு புண்ணியம்.

பெட்டிக்குள் வைத்தாலும் நீங்கள் பார்க்கப்போவது மண்ணை மட்டும்தான். அது வளை தோண்டி உள்ளே போய்விடும். தோண்ட விடாமல் வைத்தால் மூலையில் சுருண்டு கிடக்கும்.

படம் அனுப்பினால் என்ன இனம் என்று சொல்வீர்களா?

"டரான்டுலா, மண்வளை வகை" என்பது வரைக்கும் சொல்வேன். அதற்கு மேல் உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள், நானே சொன்னாலும். இனம் பிரிப்பது ஆணின் உணர்கால் குமிழையும், பெண்ணின் வயிற்றுக்குள் விந்து சேமிக்கும் பையின் வடிவத்தையும் வைத்து. இரண்டுக்கும் நுண்ணோக்கி வேண்டும். இந்த மலைத்தொடரில் பழுப்பு நிறச் சின்ன டரான்டுலா இது மட்டும் இல்லை. 2012-இல் ஒன்று, 2014-இல் ஒன்று என்று புதுப் பேரினங்களே இங்கிருந்து பெயர் பெற்றிருக்கின்றன.

வளை வாசலில் கிடக்கும் உரித்த சட்டை கிடைத்தால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். பெண்ணின் அந்தப் பை, சட்டையோடு சேர்ந்து உரிந்து வரும். சிலந்தியைத் தொடாமலே பாதித் தகவல் கிடைத்துவிடும். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுகிறவர்கள் இடத்தை மறைத்து ஏற்றுங்கள். துல்லியமான இடத்தைப் போட்டால் முதலில் வருபவர் ஆராய்ச்சியாளராக இருக்க மாட்டார்.

எங்கள் தோட்டத்து மண்சுவரில் வளைகள் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், பசங்களைப் புல் விட்டு நோண்ட விடாதீர்கள், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உங்களைத் தேடி வராது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது ஜேசிபி வரும் நாளில். முன்னே சொன்ன தாய்–பிள்ளைத் தெருவை நினைத்துப் பாருங்கள். பல சிலந்திக் குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் மிதந்து ஊர்விட்டு ஊர் போகும். இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் பெரும்பாலும் நடந்து போகின்றன, அதுவும் தாய் வளைக்குப் பக்கத்திலேயே. அதனால் ஒரு சரிவில் முப்பது வளை இருக்கும், அடுத்த சரிவில் ஒன்றுகூட இருக்காது. பாதையை அகலப்படுத்த ஒரு மண்சுவரை மதியத்துக்குள் வழித்தெடுத்தால், அந்த இடத்தில் நெடுநாளாக இருந்த குடியிருப்பு மொத்தமும் லாரியில் ஏறிவிடும். பக்கத்துச் சரிவிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

போன ஆண்டு ஒரு தோட்டக்காரரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "ஒரு எட்டுக்கால் பூச்சிக்காக ரோட்டை வளைக்கணுமா?" ரோட்டை வளைக்க வேண்டாம், மேல்பக்கச் சுவரை விட்டுவிட்டுக் கீழ்ப்பக்கம் ரெண்டு அடி எடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் மண் இளக்கம், எடுப்பதும் சுலபம். ஓட்டுநருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று அவரே ஒரு பழைய சிவப்புச் சாக்கைக் கிழித்து மேல்சுவரின் இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கட்டினார். இந்த ஜூன் மாதம் போய்ப் பார்த்தபோது சாக்கு நைந்து தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வளைகளை எண்ணினேன். பதினேழு, அதில் பென்சில் அளவில் ஆறு.